இல்லாத எலிக்கு வந்த கோடு

ஏப்ரல் 12, சனி

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது, இனி இதை யாரும் திறக்க மாட்டார்கள். கொசுவலைக்குள் போன் வெளிச்சம். பக்கத்து அறையில் அம்மா புரளும் சத்தம் கேட்டால் அணைத்துவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்கே அம்மாவும் அப்பாவும் மணப்பாறைக்குத் துக்க வீட்டுக்குப் போனார்கள். இன்று இரண்டாம் சனி, பல்கலைக்கழகம் லீவு. அதனால் அம்மா தன் ஆராய்ச்சிக்கு வரவேண்டிய பார்சலுக்கு எங்கள் பொன்மலைக் குவார்ட்டர்ஸ் முகவரியைக் கொடுத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"தெர்மாகோல் பெட்டி வரும். உள்ளே சின்னக் குப்பி இருக்கும். எடுத்து ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வை. ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது. எங்கயும் போயிடாதடி." இதை மூன்று தடவை சொன்னாள்.

ஒன்பது மணிவரை இருந்தேன். ரிஸ்வானா போன் செய்தாள். அவள் மாமாவின் வேனில் எல்லோரும் கல்லணைக்குப் போகிறார்களாம், பதினொன்றுக்குள் திரும்பிவிடலாமாம். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு என்னை வீட்டில் விடமாட்டார்கள். போனேன்.

திரும்பும்போது மணி மூன்றே முக்கால். பத்தரைக்கு வந்த பார்சலைப் பக்கத்து வீட்டு பிலோ ஆன்ட்டி வாங்கி வைத்திருந்தார். அவர் வீட்டு வராந்தாக் கைப்பிடிச் சுவரில், மேற்கு வெயிலில் பெட்டி இருந்தது. உள்ளே ஐஸ் பை முழுக்கத் தண்ணீர். சுண்டுவிரல் நீளக் குப்பி வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்தேன். ஐந்தரைக்கு எடுத்தால் வெள்ளையாக உறைந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து உருகவிட்டு, கீழ்த்தட்டில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன்.

ஏழு மணிக்கு வந்த அம்மா குளிக்கக்கூடப் போகாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"பத்தரை."

"உடனே வச்சிட்டியா?"

"உடனே."

"சமத்து" என்றாள்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயில் வாசலில் பிலோ ஆன்ட்டி கையில் குருத்தோலையோடு அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிலோ ஆன்ட்டி பேசியது பார்சலைப் பற்றி இல்லை. அவர் மகனுக்குப் பெண் பார்ப்பது பற்றித்தானாம்.

ஆனால் இன்று அதைவிட மோசம். அம்மா தன் ஆய்வுக்கூட நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் எல்லாவற்றையும் பேனாவால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, ஒயிட்னர் பூசக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். ஒரு வரியைக் காட்டி, "பெட்டியை வாங்கினவங்க கையெழுத்து வேணும். போடு பாப்பா" என்றாள். 'சனி, காலை 10.30, பெற்றவுடன் குளிர்பதனத்தில் வைக்கப்பட்டது.'

லீமா ரோஸ் என்று போட்டேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்ததே இல்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது தண்ணீர் குடிக்கிறமாதிரி வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் பாத்திரம் துடைத்துக்கொண்டே, அந்தக் குப்பியில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். அதை விட்டுவிட்டு முப்பத்தொன்பது வயதில் பிஎச்.டி. சேர்ந்தாள். யாராவது பாடம் கேட்டால் போதும்.

"கல்யாணப் பந்தியில சாப்பிட்டு எழுந்ததும் இலை எடுப்பாங்கல்ல? எடுத்தாத்தான் அடுத்த பந்தி. மூளையில ஒரு நரம்பு பக்கத்து நரம்புக்குச் சேதி சொல்ல டோபமின்னு ஒண்ணை வெளியே விடும். சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் திரும்ப உள்ளே அள்ளிப் போடணும். அள்ளிப் போடற புரதம்தான் நான் தேடறது. இலை எடுக்கிற ஆளு."

"அப்ப குப்பியில இருக்கிறது?"

"ஆன்டிபாடி. முயல் உடம்புல உண்டாக்கினது. ஆயிரம் பேர் நிக்கிற மண்டபத்துல நேரா போய் இலை எடுக்கிறவன் தோள்மேல மட்டும் கை வைக்கும். மத்த யாரையும் தொடாது. அது கை வச்ச இடம் ஃபிலிம்ல கறுப்புக் கோடாத் தெரியும். கோடு தடிமனா இருந்தா ஆளு நிறைய, மெலிசா இருந்தா கம்மி."

நாள் கணக்கில் தூங்கவிடாத எலிகளின் மூளையில், ஞாபகத்துக்கான பகுதியில் அந்தப் புரதம் கூடுகிறது என்பதுதான் அம்மாவின் கண்டுபிடிப்பு. நான்கு வருடமாக அந்தக் கோட்டை எடுத்துவருகிறாள். பழைய குப்பி வேறு கம்பெனியுடையது, அவர்கள் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இந்தப் புதுக் குப்பி. கடைசி ஒரு சோதனை மட்டும் பாக்கி.

"வெயில்ல இருந்தா அது என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கை முடங்கிப்போயிடும். உறைஞ்சு உருகினாலும் அதே கதிதான். ஏன்?"

"சும்மா."

ஏப்ரல் 19, சனி

கோடு வரவில்லை.

அம்மா போனில் படம் காட்டினாள். புதுக் குப்பியில், அந்தப் புரதம் எப்போதும் நிறைய இருக்கும் பகுதிக்குக் கோடு கருகருவென்று வந்திருக்கிறது. ஞாபகப் பகுதிக்கு ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல். தூங்காத எலி, தூங்கின எலி இரண்டுக்கும் இல்லை.

பாதி செத்துவிட்டது போலிருக்கிறது. நான்தான் கொன்றேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பிரியாணி. அம்மா எலும்பை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 23, புதன்

இரண்டாவது தடவையும் அப்படியே. பழைய குப்பியின் மிச்சத்தில் கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்கிறாள். அதில் ஞாபகப் பகுதிக்கு வழக்கம்போல் கோடு வந்திருக்கிறது.

வழிகாட்டி கோமதிநாயகம் சார் ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். அதற்குள் அம்மா ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு வழிகாட்டியைத் தேடி, பெயர் மாற்றி, ஒரு வருடமோ இரண்டு வருடமோ. ஆகஸ்டில் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிஎச்.டி. முடித்திருந்தால்தான்.

புதுக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள். எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். என் கையெழுத்துள்ள பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

என் பொய் கடல் தாண்டிப் போய்விட்டது.

ஏப்ரல் 26, சனி

அப்பா ரயில்வே பணிமனையில் வெல்டர். இரவுச் சாப்பாட்டில் அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, இன்னும் அந்தப் புது ராடுதான் பிரச்சினையா?"

"ராடு இல்லைங்க. ஆன்டிபாடி."

"ஏதோ ஒண்ணு. எங்க ஷாப்லயும் இப்படித்தான். ராடை மாத்தினதும் வெல்டு நிக்கலைன்னா எல்லாரும் புது ராடைத்தான் திட்டுவான். எங்க ஃபோர்மேன் மட்டும், முன்னாடி நின்னதே வெல்டுதானா, இல்ல துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு நின்னுச்சான்னு கேட்பார்."

அம்மா கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்து போனாள்.

"நான் என்னடி சொல்லிட்டேன்?" என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்கும் புரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஈரப் பெட்ஷீட் தொங்கியது. முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. கல்லணை, வராந்தா, வெயில், ஃப்ரீசர், எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"உறைஞ்சே போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வெள்ளையா?"

"ஆமாம்மா."

"வெயில்ல எத்தனை மணி நேரம்?"

"நாலஞ்சு இருக்கும்."

அம்மா சிரித்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். அங்கேயே நின்று சாருக்குப் போன் செய்தாள். "சார், குப்பி கெட்டுப்போச்சு சார். எம்பொண்ணு வெயில்ல விட்டுட்டு ஃப்ரீசர்ல வச்சிருக்கா." பரிசு விழுந்த செய்தியைச் சொல்கிற குரல்.

நோட்டில் பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுச் சரியான நேரத்தை எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் ஏன் கோபப்படவில்லை?

மே 1, வியாழன்

சார் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். நடந்ததை நான் ஒரு கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும். புதுக் குப்பி சேதமானதால் அந்தச் சோதனை கைவிடப்பட்டது என்று அம்மா ஆய்வேட்டில் சேர்ப்பாள். பழைய குப்பியில் வந்த முடிவுகளே போதும்.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அம்மா படித்துவிட்டு, "வரவர நல்லா எழுதறே" என்றாள். கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

மே 3, சனி

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"குப்பி கெட்டுப்போயிருந்தா ரெண்டு பகுதிக்கும்தானே கோடு வராம இருக்கணும்?"

என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்து, "எதும்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சுவர்ல கரண்டியை மாட்டு."

ராத்திரி அவள் நாற்காலியில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. அவளும் யாருக்கும் தெரியாமல் விழித்திருக்கிறாள்.

மே 7, புதன்

பெங்களூர் ஆய்வகம் ஒன்றிலிருந்து அம்மா கேட்டு வாங்கிய பெட்டி வந்தது. ஆய்வுக்கூடத்துக்கே வந்தது, என் கை படவில்லை. புகையும் உலர் பனிக்கட்டிக்குள் சுண்டெலிகளின் மூளைத் துண்டுகள். பாதித் துண்டுகள் சாதாரணச் சுண்டெலிகளுடையவை. மீதி, பிறக்கும்போதே அந்தப் புரதம் உடம்பில் இல்லாதபடி உருவாக்கப்பட்ட சுண்டெலிகளுடையவை.

"அது இல்லாத எலியை வச்சு என்ன பண்ணுவே?" என்று அப்பா கேட்டார்.

"ஆள் இல்லாத மண்டபத்துல யார் தோள்மேல கை வைக்குதுன்னு பார்ப்பேன்."

"முதல்லயே பார்த்திருக்கலாமே?"

"எல்லாரும் அந்தக் குப்பியை நம்பினாங்க. நானும் நம்பினேன். பெங்களூர்ல கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பாங்க" என்றாள்.

மே 9, வெள்ளி

இன்று அம்மா என்னையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். ஏன் என்று சொல்லவில்லை. பழைய குப்பியில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டுகளை நேற்றே போட்டிருந்தாள்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு. முதலில் புதுக் குப்பியின் ஃபிலிம். தட்டிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள் அதை அமிழ்த்தி லேசாக ஆட்டினாள். கோடு மெதுவாகக் கறுத்து வந்தது. சாதாரணச் சுண்டெலிக்கு வந்தது. இல்லாத எலிக்கு வரவில்லை, அந்த இடம் துடைத்தமாதிரி இருந்தது.

வெயிலில் வெந்து, உறைந்து, என் கையில் உருகிய குப்பி சரியான ஆளின் தோள்மேல்தான் கை வைத்திருக்கிறது.

அடுத்தது பழைய குப்பியின் ஃபிலிம். அம்மா அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஆட்டாமல் நின்றாள். நான் ஆட்டினேன்.

"என்ன தெரியுது?" அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கோடு."

"ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரி."

"முதல் கோடு யாருது?"

"சாதாரண எலியோடது."

"ரெண்டாவது?"

நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். இல்லாத எலிக்கும் கோடு வந்திருந்தது, அதே தடிமனில், அதே இடத்தில்.

நான்கு வருடமாக அந்தக் குப்பி வேறு யாரோ ஒருவன் தோளைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது, ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். டிவிஎஸ் டோல்கேட் தாண்டியதும், "பழைய குப்பிதான் தப்புன்னு எனக்கு ஏப்ரல்லயே தெரியும். நீ பெட்ஷீட்டுக்குப் பின்னாடி நின்னு சொன்னப்ப, தெரியாத மாதிரி இருந்துக்கலாம்னு ஆயிடுச்சு" என்றாள்.

மே 10, சனி

சார் போன் செய்தார். அம்மா சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஸ்டெல்லா, படத்தைப் பார்த்தேன். அது சுண்டெலி, நம்மளது எலி. வேற வேற பிராணி. இதை இப்ப கிளற வேணாம். நம்ம கட்டுரை வேற அச்சுல வந்தாச்சு. இன்னும் அம்பது நாள்ல நான் போயிடுவேன். பாப்பா எழுதின கடிதம் இருக்கு, குப்பி கெட்டுப்போச்சுங்கறதும் நடந்ததுதானே. அதை வச்சு முடிச்சிடுங்க. பட்டம் வாங்கிட்டு அப்புறம் சாவகாசமாப் பாருங்க."

சார் கெட்டவர் இல்லை. அம்மா சேர்ந்த புதிதில் இந்த வயதில் எதற்கு என்று மூன்று பேர் மறுத்தபோது இவர்தான் சேர்த்துக்கொண்டார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி, "சரிங்க சார், யோசிக்கிறேன்" என்றாள்.

"பாப்பா பக்கத்துல இருக்காளா? நல்லா எழுதியிருந்தேம்மா. பயப்படாதே, உன்னால யாருக்கும் நஷ்டமில்ல."

போனுக்குப் பக்கத்தில் போனேன்.

"சார், கடிதத்துல இருக்கிறது எல்லாம் நடந்ததுதான் சார். ஆனா அதனாலதான் கோடு வரலைன்னு நான் எழுதலை."

ரசம் பொங்கியது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. அந்தப் பக்கம் சார் இருமினார். "சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

அம்மா என்னைத் திட்டினாள். "பெரியவங்க பேசறப்ப என்ன வாய் உனக்கு? நாலு வருஷம்டி. உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட நான் வீட்ல இல்ல. எல்லாம் எதுக்குன்னு நினைச்சே?" இதுவரை வராத கோபம் மொத்தமும் வந்தது. நான் அழுதேன். அவள் அழவில்லை. அப்பா பணிமனையிலிருந்து வந்ததும் மூவரும் தீய்ந்த ரசத்தைச் சாப்பிட்டோம்.

இதை எழுதும்போது அம்மா இன்னும் படுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டதைச் செய்தபோது வந்த பயத்தைவிட இது பெரிதாக இருக்கிறது.

மே 12, திங்கள்

காலையில் அம்மா பைபிளிலிருந்து என் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இது எனக்கு வேணாம்" என்றாள். அவ்வளவுதான். நல்ல புடவை கட்டிக்கொண்டு ஃபிலிம்களோடு கிளம்பினாள்.

சாயங்காலம் வந்து அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். சார் இரண்டு ஃபிலிம்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாராம். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதினார்களாம். "என்னோட கடைசிக் கட்டுரை ஸ்டெல்லா" என்றாராம். பிறகு வழிகாட்டி மாற்றும் படிவத்தை அவரே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம்.

"ஆகஸ்ட் வேலை?" அப்பா கேட்டார்.

"போச்சு."

"சரி விடு. இன்னும் ரெண்டு வருஷம் நான் டாக்டரம்மான்னு கேலியாவே கூப்பிடறேன்."

மே 29, வியாழன்

இன்று மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண், பெயர் உமையாள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பழைய குப்பி எந்தக் கம்பெனி, எந்த எண் என்று கேட்டார். அம்மா சொன்னாள்.

"அக்கா, எங்கிட்டயும் அதே எண்தான். மூணு வருஷம்." குரல் உடைந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாம இருந்திடலாம்னு தோணுதுக்கா."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தோணும். எனக்கும் தோணுச்சு, ரெண்டு வாரம் அப்படியே இருந்தேன். உடம்புக்கு ஆகலை." பிறகு, பாடம் நடத்தும் அதே குரலில், "இங்க பாரும்மா, இல்லாத எலி எங்கிட்ட இன்னும் ரெண்டு துண்டு இருக்கு. உன் குப்பியை ஐஸ்ல வச்சு எடுத்துக்கிட்டு வா. சேர்ந்தே பார்ப்போம். தனியா அந்த ஃபிலிமைப் பார்க்காதே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஆய்வுக்கூடத்துச் சாவியை அம்மா கேட்டு வாங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிவரும் வேலை எனக்கு. அடையாளம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஐஸ் பெட்டியை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருப்பா" என்றாள் அம்மா. "நீ போய்ப் பேச்சுக் குடு. இருட்டறைக்குள்ள போறவரைக்கும் அதைப் பத்தி மட்டும் பேசாதே."